மலை இறங்கும் வண்டிக்கு எந்த ஸ்பேர் பார்ட்ஸ்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்களுக்கு டூவீலர் ஆடம்பரப் பொருள் இல்லை. கல்வராயன் மலையில் பல ஊர்களுக்குப் பேருந்து அபூர்வம். சில ஊர்களுக்கு ஒழுங்கான சாலையே கிடையாது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலைமக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, சாலையும் போக்குவரத்தும் அதில் பெரிதாகப் பேசப்பட்டன. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், ரேஷன் அரிசியும் மரவள்ளிக் கிழங்கு மூட்டையும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையும் இரண்டு சக்கரத்தின் மேலேதான் மலை ஏறி இறங்குகின்றன. அப்படிப்பட்ட வண்டியில் பிரேக் ஷூ தேய்ந்தாலோ செயின் தளர்ந்தாலோ பட்டறையில் முதலில் எழும் கேள்வி, "கம்பெனி பார்ட்ஸ் போடவா, லோக்கல் போடவா?" என்பதுதான். கேட்கிறவர் மெக்கானிக், பதில் சொல்கிறவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். இந்தக் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். கடை அலமாரியில் இருப்பவை இரண்டு வகை இல்லை, நான்கு வகை. அந்த நான்கில் நடுவிலுள்ள இரண்டைப் பற்றித் தெரியாததால்தான், கையில் காசு குறைவாக உள்ளவர் மிக மோசமான கடைசி வகையில் போய் விழுகிறார்.

வண்டியில் பெயர் பொறித்திருக்கும் கம்பெனி எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. செயின், பிரேக் லைனிங், பிஸ்டன், பேரிங், பிளக், பல்பு, ஷாக் அப்சார்பர் என்று பெரும்பகுதியை அந்தந்தத் தொழிலில் ஊறிய வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிப் பூட்டுகிறது. அந்த நிறுவனங்கள் பலவும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. கோயம்புத்தூர் எல்.ஜி.பாலகிருஷ்ணன் நிறுவனம் வண்டிக் கம்பெனிகளுக்குச் செயின் கொடுக்கிறது. அதுவே 'ரோலான்' என்ற பெயரில் கடைகளிலும் செயின் செட் விற்கிறது. சென்னை டி.ஐ. குழுமத்தின் டைமண்ட் செயினும் அப்படித்தான். பிரேக் லைனிங்குக்குப் பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ், மின்சாமான்களுக்கு லூகாஸ் டிவிஎஸ் என்று அம்பத்தூர், பாடி வட்டாரமே வாகன உறுப்புகளின் ஊர். இப்படிப்பட்ட நிறுவனங்களின் பாகம் வண்டிக் கம்பெனியின் டப்பாவில் வந்தால் அது முதல் வகை. அதைத் தயாரித்தவரின் சொந்தப் பெயர் போட்ட டப்பாவில் வந்தால் இரண்டாவது வகை. வண்டிக் கம்பெனிக்குக் கொடுக்காமல், சந்தைக்காகவே தன் பெயரில் செய்து விற்கும் நிறுவனத்தின் பாகம் மூன்றாவது. நான்காவது, பெயரே இல்லாதது, அல்லது அடுத்தவன் பெயரைத் திருடிப் போட்டது. இரண்டிலிருந்து நான்கு வரைக்கும் ஒரே கூடையில் கொட்டி 'லோக்கல்' என்று சொல்லிவிடுகிறோம். பெயர் போட்டுப் பொறுப்பேற்று விற்கிறவரும் முகம் காட்டாமல் விற்கிறவரும் அந்தக் கூடையில் சமமாகிவிடுகிறார்கள்.

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதில்லை என்பதற்கு டயரே சாட்சி. வண்டியில் சாலையைத் தொடும் ஒரே பொருள் டயர். ஈரமான வளைவில் உயிர் நிற்பது உள்ளங்கை அளவு ரப்பரில். ஆனால் டயர் தேய்ந்தால் யாராவது வண்டிக் கம்பெனி ஷோரூமுக்குப் போய் 'கம்பெனி டயர்' கேட்கிறோமா? எம்.ஆர்.எஃப்., சியட், டிவிஎஸ் யூரோகிரிப் என்று டயர் செய்தவரின் பெயரைச் சொல்லி டயர் கடையில் வாங்குகிறோம். அதை மட்டமான சரக்கு என்று ஒருவரும் சொல்வதில்லை. பேட்டரியும் பிளக்கும் இப்படியே. டயரில் இந்த நம்பிக்கை தானாக வந்ததில்லை. அதன் பக்கவாட்டில் செய்தவர் பெயர், அளவு, தாங்கும் எடை, தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சாகி இருக்கின்றன, ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயம். ஹெல்மெட்டுக்கும் 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை நாடு முழுவதும் கட்டாயம். ஆக, பொருளைச் செய்தவர் யார், எந்தத் தரத்துக்குச் செய்தார் என்று தெரிந்துவிட்டால், அது வண்டிக் கம்பெனியின் டப்பாவில் வந்ததா இல்லையா என்பது பெரிய விஷயமாக இருப்பதில்லை. டயர் கடையில் நாம் இயல்பாகக் காட்டும் இந்த விவேகம் பிரேக் ஷூ வாங்கும்போது எங்கோ தொலைந்துபோகிறது.

அந்த விவேகத்தைப் பயன்படுத்தச் சட்டமும் ஒரு கைப்பிடி கொடுத்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, டப்பாவில் அடைத்து விற்கும் பொருளின் மேல் தயாரித்தவரின் அல்லது அடைத்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும், புகார் சொல்வதற்கான தொடர்பும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் ஒரு ஷூவைப் போட்டு, வண்டி மாடலின் பெயரை மட்டும் ஸ்டிக்கராக ஒட்டி விற்றால், வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது அதில் எதுவும் இல்லை. அடுத்தவர் பெயரைப் போட்டு விற்பது அதைவிடப் பெரிய குற்றம். 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. போலிகள் பெரும்பாலும் நன்றாக விற்கும் பெயரைத்தான் திருடுகின்றன. அதனால் வண்டிக் கம்பெனியின் பெயர் போட்ட டப்பா என்றாலே அது கம்பெனிப் பாகம் என்று முடிவுகட்ட முடியாது. எழுத்து மங்கிய அச்சு, உரித்தால் கிழியாத ஹோலோகிராம், பொருத்தமில்லாத பார்ட் நம்பர், எம்.ஆர்.பி.யில் பாதிக்குக் கிடைக்கும் 'ஒரிஜினல்' ஆகியவை சந்தேகப்பட வேண்டிய இடங்கள்.

பெயரில்லாத பாகம் சமவெளியில் எத்தனையோ பேருக்கு ஓடுகிறதே என்று கேட்கலாம். ஓடுகிறது. கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் நடுவே தட்டையான சாலையில் போய்வருகிற வண்டிக்குப் பிரேக் என்பது எப்போதாவது சில நொடி அழுத்துவது. அழுத்திய சூடு அடுத்த பிரேக் வருவதற்குள் ஆறிவிடும். மலை இறக்கத்தில் கணக்கே வேறு. வண்டி 110 கிலோ, இரண்டு பேர் 130 கிலோ, பின்னால் கட்டிய மூட்டை 40 கிலோ என்று மொத்தம் 280 கிலோ எடை, 600 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருவதாக வைத்துக்கொள்வோம். கல்வராயன் மலைக்கு இது மிகைப்படுத்திய உயரம் இல்லை. மலையின் பெரும்பகுதி 2,000 அடிக்கு மேல்தான். அந்த இறக்கத்தில் வண்டி இழக்க வேண்டிய ஆற்றல் சுமார் 16 லட்சம் ஜூல். ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய இவ்வளவு வெப்பம் வேண்டும். இதில் ஒரு பங்கைக் காற்றும், கியரில் இறக்கினால் இன்ஜினும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் இரண்டு ஜோடி லைனிங்கில் இறங்குகிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இன்ஜினின் பங்கையும் பிரேக்கின் தலையிலேயே கட்டுகிறார்கள்.

லைனிங் என்பது நார்களையும் உலோகத் தூளையும் பிற உராய்வுப் பொருள்களையும் ஒருவகைப் பிசினில் குழைத்து, அழுத்தி, சூட்டில் வேகவைத்துச் செய்வது. நல்ல லைனிங்கில் பிசினின் தரமும் வேகவைக்கும் நேரமும் கணக்குப்படி இருக்கும். சூடு ஏறினாலும் பிடிப்பு மெதுவாகத்தான் குறையும். மட்டமான லைனிங்கில் ஒரு சூட்டுக்கு மேல் பிசின் சிதைய ஆரம்பிக்கிறது. மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகிறது. லிவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ஷூவில் லைனிங் ஒட்டியிருக்கும் பசை மட்டமாக இருந்தால் லைனிங் தனியாகக் கழன்று டிரம்முக்குள் சிக்கிச் சக்கரத்தையே பூட்டிவிடவும் வாய்ப்பு உண்டு. பட்டறை வாசலில் வண்டியை ஓட்டிப் பார்த்து, "பிரேக் நல்லாப் பிடிக்குதுங்க" என்று சொன்னால் அது குளிர்ந்த பிரேக்கைப் பற்றிய சான்றிதழ்தான். சூட்டில் அது எப்படி இருக்கும் என்பது எட்டாவது, ஒன்பதாவது வளைவில்தான் தெரியும். அங்கே தெரிந்து என்ன செய்ய?

செயினும் இந்த விஷயத்தில் பிரேக்கோடு சேர்ந்ததுதான். செயின் நீள்கிறது என்கிறோமே, அதில் இரும்புத் தகடு இழுபடுவதில்லை. உள்ளே இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி விடுகிறது. அந்த இரண்டுக்கும் கொடுக்கும் எஃகும் சூட்டுப் பதமும்தான் செயினின் ஆயுள். வெளியே பார்த்தால் நல்ல செயினும் மட்டமான செயினும் ஒரே பளபளப்பு. சாதாரண 428 செயினில் ஒரு கண்ணியின் அளவு 12.7 மில்லிமீட்டர். இருபது கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் 254 மில்லிமீட்டர் வர வேண்டும்; 259-ஐத் தொட்டால் இரண்டு சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றும் நேரம். பள்ளிக்கூட ஸ்கேல் போதும் இதற்கு. ஏற்றத்தில் செயின் அறுந்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இறக்கத்தில் அறுந்தால் இன்ஜின் கொடுத்துக்கொண்டிருந்த தடை அந்த நொடியே போய்விடும். அறுந்த செயின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் இன்னும் மோசம். செயினை மட்டும் மாற்றிப் பழைய ஸ்ப்ராக்கெட்டை விட்டுவைப்பதும் பொய்யான சிக்கனம். தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரமே தின்றுவிடும்.

ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னால் கேட்க வேண்டியது, அது போகிற வழியில் போய்விட்டால் என்ன ஆகும் என்பதுதான். மட்கார்டு, சீட் கவர், லெக் கார்டு, பக்கவாட்டுப் பிளாஸ்டிக் உடைந்தால் வண்டி அசிங்கமாக இருக்கும், ஓடும். அதற்குக் கம்பெனி விலை கொடுப்பது வீண். பிரேக் ஷூ, டிஸ்க் பேடு, செயின் செட், கிளட்ச் கேபிள், சக்கரப் பேரிங், ஹேண்டில்பார் கோன் செட் ஆகியவற்றில் முதல் வகையோ இரண்டாவது வகையோ போதும். அவை கிடைக்காதபோது பெயர்பெற்ற மூன்றாவது. நான்காவது எந்தக் காரணத்துக்கும் கூடாது. கம்பெனிப் பாகமேதான் வேண்டும் என்று நான் சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.-6 விதி வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதிலுள்ள சென்சார்களும் இன்ஜெக்டரும் கணினிப் பெட்டியோடு அளவு பொருந்தி வேலை செய்பவை. ஏ.பி.எஸ். சார்ந்த பாகங்களும் அப்படியே. இவற்றில் ஏறக்குறையப் பொருந்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, உயிர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் கம்பெனி டப்பாவையே வாங்கிவிட்டால் குழப்பமே இல்லையே என்பது. கையில் பணம் இருந்து, பக்கத்தில் ஷோரூமும் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். மலைமேல் இருப்பவரின் நிலைமை அதுவாக இல்லை. அவர் முன்னால் கம்பெனிப் பாகமும் நல்ல பெயருள்ள மாற்றுப் பாகமும் மட்டும் இல்லை. 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. அதுதான் மூன்றிலும் மலிவு, மூன்றிலும் ஆபத்து. விலை கட்டுப்படியாகவில்லை என்று இரும்பு தெரியும் வரை ஓட்டிய ஒரிஜினல் ஷூவைவிட, நேரத்துக்கு மாற்றிய, பெயருள்ள மாற்று ஷூ எவ்வளவோ பாதுகாப்பு. கம்பெனிப் பாகத்தை மட்டுமே பரிந்துரைப்பவர்கள் இந்தத் தள்ளிப்போடலைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மறுபக்கத்திலிருந்து வரும் மறுப்பு, ஏழைக்கு நான்காவது வகைதான் கட்டுப்படியாகும் என்பது. இதில் உண்மை இருப்பதுபோல் தோன்றும். கணக்குப் போட்டால் இல்லை. 2025-26-க்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். மட்டமான ஷூவுக்கும் நல்ல ஷூவுக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக அதைவிடக் குறைவு. மட்டமான ஷூ பாதி நாளில் தேய்ந்து, மறுபடி கச்சிராயபாளையத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ இறங்கி வந்தால் ஒருநாள் கூலி போகிறது, பெட்ரோல் போகிறது, மாட்டும் கூலி இரண்டாம் தடவை போகிறது. பட்டறை வாசலிலேயே வீடு உள்ளவருக்கு மலிவுப் பாகம் ஒருவேளை மிச்சம். பட்டறை முப்பது, நாற்பது கிலோமீட்டர் கீழே இருப்பவருக்கு அதுவே செலவு. அத்துடன், 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-ஆக இறங்கியிருக்கிறது; பெயருள்ள பாகத்துக்கும் பில்லில்லாத பாகத்துக்கும் நடுவே இருந்த பள்ளம் அந்த அளவுக்காவது குறைய வேண்டும்.

இன்னொரு மறுப்பு நுணுக்கமானது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரே நிறுவனம் வண்டிக் கம்பெனிக்குக் கொடுக்கும் பாகமும், தன் டப்பாவில் கடைக்கு அனுப்பும் பாகமும் ஒரே கலவை, ஒரே பதம் என்று உத்தரவாதம் இல்லை. வண்டிக் கம்பெனி தன் தேவைக்கென்று தனி அளவு, தனி சோதனை கேட்டிருக்கலாம். அப்படியானால் இரண்டாவது வகை, முதல் வகைக்கு ஒரு படி கீழே இருக்கக்கூடும். இருந்தாலும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை, ஒரு முகவரி, கெட்டுப்போனால் கெட்டுப்போகும் ஒரு நற்பெயர் இருக்கின்றன. அதிலிருந்து நான்காவது வகைக்கு இறங்கினால் அது படி இல்லை, பள்ளம்.

வாரன்டி போய்விடும் என்ற பயமும் பலரைக் கட்டிப்போடுகிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் கார் கம்பெனிகள் பதினான்கின் மேல் விதித்த 2,544 கோடி ரூபாய் அபராதத்தின் கதை இதற்கு உதவும். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் எளிதாகக் கிடைக்க விடாமல் வைத்திருந்தது, பாகம் செய்துகொடுக்கும் நிறுவனங்கள் நேரடியாகக் கடைகளுக்கு விற்கத் தடை போட்டது ஆகியவை குற்றச்சாட்டில் இருந்தன. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தாலே வாரன்டி ரத்து என்ற ஒட்டுமொத்த நிபந்தனை கூடாது என்றும் ஆணையம் சொன்னது. தீர்ப்பு மேல்முறையீடுகளுக்குப் போனது. வழக்கும் கார்களைப் பற்றியது, பைக்குகளைப் பற்றியது இல்லை. ஆனால் அதிலுள்ள நியாயம் இரண்டு சக்கரத்துக்கும் பொருந்தும். மாற்றுப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்றால் கம்பெனி கைவிரிக்கலாம். சம்பந்தமே இல்லாத கோளாறுக்கும் அதையே சாக்காகச் சொல்வது முறையில்லை. நடைமுறையில், வாரன்டி முடியாத புது வண்டிக்குக் கம்பெனிப் பாகத்தைப் போட்டு வம்பைத் தவிர்ப்பதே நல்லது. மலையில் ஓடுபவற்றில் பல வாரன்டி முடிந்து ஆண்டுகள் ஆன வண்டிகள். அவற்றுக்கு இந்தப் பயம் தேவையில்லை. இன்னும் பழைய வண்டிகளுக்கோ கம்பெனி கதவே சாத்தியிருக்கும். ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. டிவிஎஸ்-சுசூகி கூட்டு 2001-ல் பிரிந்தது. அந்தக் கால வண்டிகள் இன்றும் ஓடுகின்றன என்றால், அதில் மாற்றுப் பாகம் செய்த சிறு தொழிற்சாலைகளுக்கும் அதைப் பொருத்தத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

மெக்கானிக்கைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். எந்தப் பாகம் எத்தனை மாதத்தில் திரும்பி வந்தது என்று கண்ணால் பார்த்தவர் அவர்தான். அந்த அறிவு விலைமதிப்பில்லாதது. ஆனால் வேலைக்கூலியை நாம் பேரம் பேசிப் பேசிக் குறைத்துவிட்டதால், பாகத்தின் மேல் வரும் லாபத்தில்தான் பல பட்டறைகள் பிழைக்கின்றன. பெயரில்லாத பாகத்தில் அந்த லாபம் பெரும்பாலும் கூடுதல். நல்ல மெக்கானிக்கையும் தப்பான பாகத்தின் பக்கம் தள்ளுவது நம்முடைய இந்தப் பேரம்தான். கூலியை முழுதாகக் கொடுத்து, "பாகத்தை நானே வாங்கிட்டு வர்றேன் அண்ணே, எந்தப் பேர்ல வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் நேர்மையான பதில் கிடைக்கும், ஏனென்றால் அந்தப் பதிலால் அவருக்கு நட்டமில்லை. பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் புதியதோடு வைத்துப் பார்க்கலாம். டப்பாவை அங்கேயே தூக்கி எறியாமல் வீட்டுக்கு எடுத்துவரலாம்.

கடையில் பில் கேட்டால், பில் போட்டால் விலை கூடும் என்பார்கள். பாகத்தின் பெயரும் பார்ட் நம்பரும் எழுதிய பில்தான் பிறகு பேசும். போலிப் பாகம் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் அங்கே போனால் ஷூவை அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்பதையே நிரூபிக்க முடியாது. அடுத்த தடவை வண்டியைப் பட்டறையில் விடும்போது, "கம்பெனியா, லோக்கலா?" என்ற கேள்விக்கு, "யார் செஞ்சது, டப்பாவக் காட்டுங்க, பில் போடுங்க" என்பதே போதுமான பதில்.